சாக்பீஸ் வாலபி

கேள்வி: சிட்னியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவில், பேசின் ட்ராக் என்ற நடைபாதை ஓரம் உள்ள பழங்குடியினரின் பாறைச் செதுக்கல்களைப் பார்க்கப் போனோம். உச்சி வெயிலில் நடந்ததுதான் மிச்சம். பேரன் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் அது வாலபி (சின்னக் கங்காரு) என்றே தெரிந்தது. அரசாங்கமே ஆழமாக வெட்டி வைத்தால் என்ன? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: பெயரை மறைத்தது புத்திசாலித்தனம். பழங்குடியினரின் தொல்பொருளுக்குச் சேதம் செய்வது சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது மணற்பாறை ஐயா. சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் கோட்டின் விளிம்பும் சேர்ந்து உதிரும். துடைக்காமல் விட்டால், அடுத்து வருபவர் உங்கள் பேரனின் கைவண்ணத்தைக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

கூரான கல்லால் வரிசையாகக் குழிகள் கொத்தி, பிறகு அவற்றைத் தேய்த்து இணைத்துப் போட்ட கோடுகள் அவை. சிலவற்றில் அந்தக் குழிகள் இன்னும் தெரியும். கோட்டில் ஆழம் கொஞ்சம்தான் என்பதால் சூரியன் தலைக்கு மேல் நின்றால் நிழல் விழாது, வெறும் பாறைதான். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து அடிக்கும்போது போயிருந்தால் மீனும் வாலபியும் தாமே எழுந்து வந்திருக்கும். போன நேரத்தை விட்டுவிட்டுப் பாறையைக் குறை சொல்கிறீர்கள்!

வெட்டியும் பார்த்துவிட்டார்கள். சிட்னியின் பாண்டை (Bondi) பகுதியில் கோல்ஃப் மைதானத்துப் பாறைகளில் 1960-களில் நகராட்சியே கோடுகளைப் புதிதாக வெட்டியது. பளிச்சென்று தெரிகிறது, சந்தேகமில்லை. ஆனால் எது பழைய கை, எது நகராட்சிக் கை என்று இனி யார் பிரிப்பது? பழங்குடியினரே சடங்குகளின்போது கோடுகளைத் திரும்பத் தேய்த்ததுண்டு என்கிறார்கள். அது உரியவர் செய்தது.

1788-இல் வெள்ளையர் குடியேற்றத்தோடு வந்திறங்கிய முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப்பே பாறைகளில் மனிதர், கேடயம், மீன் உருவங்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மறு வருடமே பெரியம்மை பரவி, சிட்னி வட்டாரப் பழங்குடியினரில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. இந்த உருவங்களுக்குப் பொருள் சொல்லக்கூடிய எத்தனையோ பேர் அதோடு போனார்கள். அப்படியும் செதுக்குவது அன்றோடு நின்றுவிடவில்லை போலும். சில பாறைகளில் வெள்ளையரின் பாய்மரக் கப்பலும் இருக்கிறது.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று. மகனுக்கு போன் போட்டு, பூங்கா அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். யாராவது நல்லெண்ணத்தில் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாகக் கிளம்புவதற்குள்!