செங்கல் அறுக்கிற மெஷின்ல என்ன மாத்தலாம்? கேள்வி பதில்

செங்கல் மெஷின் பத்தி கேக்கணும்னா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய பேர் கேட்டிருக்கீங்க, சந்தோஷம். படிச்சுப் பாத்தா பாதிக் கேள்வி "மோட்டாரைப் பெருசாக்கினா சரியாயிடுமா"ங்கிற எடத்துலதான் வந்து நிக்குது. பெரும்பாலும் ஆகாதுங்க. களிமண்ணு எந்த எடத்துல ஒட்டணும், எந்த எடத்துல வழுக்கணும்னு முடிவு பண்றதுதான் இந்த மெஷினோட வேலையே, நல்ல மாத்தம்னு இதுவரைக்கும் வந்ததுல முக்கால்வாசி அந்த விஷயத்துலதான் வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விகளைச் சேத்துட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்ட்ரூடர்னா, பேரல்ங்கிற குழாய்க்குள்ள ஸ்க்ரூ சுத்தி மண்ணைத் தள்ளி, முன்னாடி இருக்கிற டைங்கிற வாய் வழியா பட்டையா வெளிய விடுற மெஷின்.

கேள்வி: அண்ணே, எக்ஸ்ட்ரூடர்ல முன்ன வந்ததுல பாதி கல்லுதான் வருது. மோட்டார் நல்லா ஓடுது, மண்ணும் அதே மண்ணு. பேரலைத் தொட்டா சூடா இருக்கு. என்ன கோளாறு?

பதில்: பேரல் சூடாகுதுன்னு எழுதுனீங்க பாருங்க, விடை அதுலயே இருக்கு தம்பி. மண்ணு முன்னாடி போகாம உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு போல்ட்டுல நட்டை மாட்டி, நட்டைக் கையால பிடிச்சுக்கிட்டு போல்ட்டைச் சுத்துனா நட்டு நகரும், பிடிக்காம விட்டா ரெண்டும் சேந்து சுத்தும். ஸ்க்ரூதான் போல்ட்டு, மண்ணுதான் நட்டு, மண்ணைப் பிடிச்சுக்க வேண்டியது பேரல் லைனர், அதாவது பேரலோட உள்பக்கத் தகடு. அதனாலதான் லைனர்ல நீளவாக்குல வரம்பு மாதிரி ரிப் வச்சிருப்பாங்க, ஸ்க்ரூ முகம் மட்டும் வழவழன்னு இருக்கணும். ஓடி ஓடி ரிப் தேஞ்சு லைனர் மழுங்கிப் போச்சுன்னா பிடிக்க ஆளில்ல. இன்னொரு பக்கம் ஸ்க்ரூ விளிம்பு தேஞ்சு லைனருக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற கேப் அகலமாயிருச்சுன்னா முன்னாடி தள்ளுன மண்ணு அந்த வழியாவே பின்னாடி வந்துரும். புதுசுல 2, 3 மில்லிமீட்டர் இருக்கிற கேப் ரெண்டு மூணு மடங்கானாலே உற்பத்தி நல்லா அடிவாங்கும், கரண்ட் மட்டும் அதே அளவு இழுக்கும்.

மெஷினை நிறுத்தி மெயினை ஆஃப் பண்ணிட்டு, டையைக் கழட்டி, ஸ்க்ரூவோட கடைசிச் சுத்தைப் பாருங்க, பிரஷர் அங்கதான் அதிகம்ங்கிறதால தேய்மானமும் அங்கதான் மொதல்ல தெரியும். முழு ஸ்க்ரூவையும் மாத்தத் தேவையில்ல, கடைசித் துண்டு மட்டும் தனியா கழட்டி மாட்டுற மாதிரி டிசைன் வந்ததே இதுக்காகத்தான். குரோமியம் கார்பைடு ராடு வச்சு ஹார்டு ஃபேசிங் பண்ணி, அதாவது சீக்கிரம் தேயாத உலோகத்தை மேல வெல்டிங்ல ஏத்தி, அளவைத் திரும்பக் கொண்டு வரலாம். ஆனா வெல்டிங் போட்ட கையோட அப்படியே மாட்டிடாதீங்க, மண்ணைத் தள்ளுற முகத்துல வெல்டிங் மேடு இருந்தா மண்ணு அதுல ஒட்டிக்கிட்டு கூடவே சுத்தும், புதுசா பண்ணியும் கல்லு வரலையேன்னு மண்டையைப் பிச்சுக்குவீங்க. கிரைண்டர் போட்டு வழவழப்பா எடுத்துட்டு மாட்டுங்க.

கேள்வி: டையில இருந்து வர்ற மண் பட்டையோட நாலு மூலையும் ரம்பப் பல்லு மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு வருது. தண்ணி கூட்டிப் பாத்தேன், கிழியிறது நின்னுச்சு, ஆனா கல்லு தொளதொளன்னு வளைஞ்சு போகுது.

பதில்: தண்ணி கூட்டுறது எல்லாரும் பண்றது, அது நோவை மறைக்கும், தீக்காது. டைக்குள்ள நடு மண்ணு தடையில்லாம ஓடும், ஓரத்து மண்ணு சுவர்ல உரசுறதால மெதுவா வரும், மூலையில ரெண்டு சுவர் உரசுதுங்கிறதால இன்னும் மெதுவா வரும். நடு இழுக்குது, மூலை வரமாட்டேங்குது, அப்ப கிழியாம என்ன பண்ணும்?

மொதல்ல எவ்வளவு வித்தியாசம்னு கண்ணால பாத்துருங்க. மெஷினை நிறுத்திட்டு டை வாயோட ஒட்டி பட்டையைக் கம்பியால நேரா அறுத்துருங்க, அப்புறம் ஒரு சாண் மட்டும் ஓட்டி நிறுத்துங்க. அறுத்த முகம் தட்டையாவே இருந்தா டை நல்லாத்தான் இருக்கு. நடு வயிறு மாதிரி தள்ளிக்கிட்டு வந்தா நடு வேகம் அதிகம். ஒரு பக்கமா சாஞ்சு வந்தா டை ஸ்க்ரூவுக்கு நேரா உக்காரல, அதைச் சரி பண்ணாம வேற எதைத் தொட்டாலும் வீண்தான். ஓரம் முன்னாடி வந்து நடு குழிஞ்சா, யாரோ ஓரத்தை ஏற்கனவே ரொம்ப அரத்தால ராவிட்டாங்கன்னு அர்த்தம்.

நடு தள்ளுனா ரெண்டு வழி. ஒண்ணு, நடுவுல தடை வைக்கிறது, டைக்குப் பின்னாடி மண்ணு வர்ற பாதையில சின்ன பிளேட்டு மாதிரி பிரேக் வச்சு நடு மண்ணைத் தாமதப்படுத்தலாம். ரெண்டு, ஓரத்தை வழுக்க வைக்கிறது. பழைய காலத்துலயே டை உள்பக்கத்துல மெல்லிசு தகட்டை மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, இடுக்குல தண்ணி கசிய விட்டு, மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு தண்ணிப் படலத்தை உண்டாக்கியிருக்காங்க. மண்ணு முழுசையும் ஈரமாக்காம உரசுற எடத்தை மட்டும் ஈரமாக்குறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை இது. இப்ப தண்ணிக்குப் பதிலா எண்ணெய் கலவையும் விடுறாங்க. மூலையில இருக்கிற ஓட்டை மண்ணு அடைச்சு நின்னுருக்கும், ஊசி விட்டுப் பாருங்க, பல பேருக்கு அதுலயே தீந்துரும். ராவுறதை மட்டும் கடைசியா வச்சுக்குங்க, எடுத்த இரும்பு திரும்பி வராது.

கேள்வி: சார், வேக்கம் சேம்பர் அவசியமா? வேக்கம் இல்லாமயே கல்லு வருதே.

பதில்: வரும், ஏன் வராது. மண்ணுக்குள்ள இருக்கிற காத்து குட்டிக் குட்டிக் குமிழா இருந்து மண்ணை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாது, அதை வேக்கம் சேம்பர்ல உறிஞ்சி எடுத்துட்டா அதே ஈரத்துல மண்ணு இன்னும் இழுவையா, கெட்டியா வரும், பச்சைக்கல்லு கையில எடுத்தா உடையாது. அமெரிக்காவுல 1902-லயே பேடன்ட் எடுத்த யோசனை இது, தொழிலுக்குள்ள பரவலா வந்தது 1930-கள்லதான். ஓட்டை வச்ச கல்லு பண்றவங்களுக்குக் கிட்டத்தட்ட கட்டாயம்னே சொல்லுவேன், ஏன்னா ஓட்டைக்காக வச்ச கம்பிகளைத் தாண்டும்போது மண்ணு பிரிஞ்சு திரும்ப ஒட்டணும்.

வேக்கத்தை வழக்கமா பாதரச அளவுல 15-ல இருந்து 29 இன்ச் வரைக்கும் வைப்பாங்க. கேஜ் முழுசா ஏறலைன்னு சில பேர் பம்ப்பை மாத்துறாங்க, அதுக்கு முன்னாடி மண்ணோட சூட்டைப் பாருங்க. 40 டிகிரி மண்ணுல இருக்கிற தண்ணியே 55 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஆவி விடும், அதனால கடல் மட்டத்துலயே 27, 28 இன்ச்சுக்கு மேல ஏத்த முடியாது, எந்த பம்ப் போட்டாலும். இன்னொண்ணு, சேம்பருக்குள்ள மண்ணு கட்டி கட்டியா விழுந்தா கட்டிக்குள்ள இருக்கிற காத்து வெளிய வராது, மெல்லிசா சீவி விழணும். அந்தச் சீவுற கத்தியைச் சாணை பிடிச்சு வைங்க.

கேள்வி: சூளையில இருந்து எடுத்த கல்லை ஒடைச்சா உள்ள எஸ் எழுத்து மாதிரி வளைஞ்ச பிளவு. வேக்கம் நல்லா இருக்கு.

பதில்: அது ஸ்க்ரூ போட்ட கையெழுத்து. சுத்திச் சுத்தித் தள்ளுன மண்ணு அடுக்கடுக்கா வழவழப்பாகி, அந்த அடுக்குகள் திரும்ப ஒட்டாமலே டைக்குள்ள வந்துருது, நடுத்தண்டு இருந்த எடத்துல வெற்றிடம் வேற. வேக்கம் காத்தை எடுக்கும், இந்த அடுக்கை அழிக்காது. ஸ்க்ரூ முனையில ஒத்தை இறக்கைக்குப் பதிலா ரெட்டை இறக்கை போட்டா மண்ணு ரெண்டு பக்கமும் சமமா தள்ளும், பட்டை துடிச்சுத் துடிச்சு வர்றதும் குறையும். முனைக்கும் டைக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் வளையம் போட்டு தூரத்தைக் கூட்டுனா அடுக்குகள் அழுந்தி ஒட்ட நேரம் கிடைக்கும். ரொம்பப் பிசுபிசுப்பான மண்ணா இருந்தா கொஞ்சம் மணலோ அரைச்ச சுட்ட கல்லோ சேத்துப் பாருங்க, வழுக்கை அடுக்கு முறியும்.

கேள்வி: மோட்டாரையும் கியர்பாக்ஸையும் பெருசாக்கி, ஈரம் கம்மியா கெட்டி மண்ணைத் தள்ளலாமா? காய வைக்கிற நேரம் மிச்சமாகுமே.

பதில்: ஆசை நியாயமானது. ஆனா கணக்கைப் பாருங்க. சாதாரண எளகின மண்ணுக்கு டை முன்னாடி பிரஷர் 4-ல இருந்து 12 பார் (bar), கெட்டி மண்ணுக்கு 25-ல இருந்து 45 பார் வரைக்கும் வரும். 400 மில்லிமீட்டர் பேரல்ல 20 பார்னாலே ஸ்க்ரூவைப் பின்னாடி தள்ளுற விசை சுமாரா 25 டன். அதைத் தாங்கப் போறது மோட்டார் இல்ல, பின்னாடி இருக்கிற த்ரஸ்ட் பேரிங். பேரிங், ஷாஃப்ட், பேரல் போல்ட்டு, டை பிளேட்டு இது எதையும் மாத்தாம மோட்டாரை மட்டும் பெருசாக்கினா ஒரு நாள் முன்பக்கம் பிச்சுக்கிட்டு வரும், எதிர்ல ஆள் நின்னா அவ்வளவுதான். கெட்டி மண்ணுக்குன்னே பண்ணுன மெஷின் வேற, இதை அதுவா மாத்தாதீங்க.

கேள்வி: எங்களுது அச்சுல அடிக்கிற எளகு மண் மெஷின். கவுத்தா கல்லு அச்சை விட்டு வரமாட்டேங்குது, வந்தாலும் மூலை அச்சுலயே நின்னுருது.

பதில்: இந்த மண்ணுல ஈரம் 20-ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் இருக்கும், அச்சோட அடியில காத்து புக வழியில்லாம உறிஞ்சிக்கிட்டு நிக்கும். ஒட்டுறதை விட இந்த உறிஞ்சல்தான் பெரிய எதிரி. அடித்தட்டுல சின்னச் சின்னக் காத்து ஓட்டை வைங்க, இல்லேன்னா அடித்தட்டு தனியா அசையுற மாதிரி பண்ணுங்க, கவுக்கும்போது அது ஒரு நூல் அசைஞ்சு காத்தை உள்ள விட்டாப் போதும், கல்லு தானா இறங்கும். மணல் தூவுற அச்சுன்னா மணல் நல்லா காஞ்சு இருக்கணும், ஈர மணல் தூவுறதும் தூவாததும் ஒண்ணுதான். அச்சைக் கழுவிட்டு உடனே மணல் தூவணும், சுவர்ல மணல் பிடிக்கிறது அந்த ஈரத்துலதான். இந்தக் கழுவுறது, தூவுறது, கவுக்குறது மூணையும் மெஷினே சுழற்சியா பண்ற மாதிரி வந்ததுதான் இந்த வகையில நடந்த பெரிய முன்னேற்றம். பக்கச் சுவருக்கும் மேல அகலம், கீழ குறுகல்னு கண்ணுக்குத் தெரியாத சாய்வு கொடுத்திருக்கணும், தேஞ்ச அச்சுல அது போயிருக்கும்.

கேள்வி: கூழாங்கல்லு மாட்டி அச்சு நெளியுது, எக்ஸ்ட்ரூடர் வச்சிருக்கிறவங்களுக்குக் கம்பி அறுபடுது. என்ன பண்றது?

பதில்: 19-ம் நூற்றாண்டுல அச்சு மெஷினுக்கு எடுத்த பேடன்ட்டுகள்ல இந்தத் தொல்லைக்கே கணிசமா உண்டு. கல்லு மாட்டினா ஸ்பிரிங்கு அமுங்கி அச்சு பின்வாங்குற மாதிரி, இல்ல வேணும்னே பலவீனமா வச்ச ஒரு பின்னு முறிஞ்சு மத்ததைக் காப்பாத்துற மாதிரி. உங்க மெஷின்ல அந்தப் பின்னுக்குப் பதிலா யாராவது தடியான போல்ட்டைச் செருகியிருக்காங்களான்னு இன்னைக்கே போய்ப் பாருங்க. கல்லை முன்னாடியே பொறுக்குறதுக்குச் சுருள் பள்ளம் வெட்டுன ரோலர் இருக்கு, பெரிய கல்லை ஒரு ஓரமா தள்ளிட்டுப் போயிரும். அதுக்கப்புறம் 1 மில்லிமீட்டர் கேப் வச்ச ஃபைன் ரோலர். சுக்காங்கல்லு இருக்கிற மண்ணுன்னா ஃபைன் ரோலர் இல்லாம தொடவே தொடாதீங்க, சூளையில அது சுண்ணாம்பாகி, பின்னாடி ஈரம் பட்டதும் ஊதி கல்லோட முகத்தைப் பேத்து எடுத்துரும். நுணுங்கிப் போனா அவ்வளவு கெடுதல் இல்ல.

கேள்வி: கம்பியில அறுக்குற கல்லு சாய்வா அறுபடுது.

பதில்: அறுக்குற நேரத்துலயும் பட்டை நகந்துக்கிட்டே இருக்கு, கட்டர் நின்ன எடத்துலயே நிக்குது. அறுக்கும்போது கட்டர் மேஜை பட்டையோட அதே வேகத்துல கூட ஓடணும், அறுத்து முடிச்சதும் திரும்பி வரணும். பட்டை மேல ஒரு அளவு ரோலர் வச்சு அது இத்தனை சுத்து சுத்துனா கிளட்ச் விழுற மாதிரி பண்ணியிருப்பாங்க, அந்த ரோலர் வழுக்குதான்னு மொதல்ல பாருங்க. கம்பி தொய்வா இருந்தா வளைவா அறுக்கும், அது வேற நோவு.

கேள்வி: டிரை பிரஸ்ல, அதான் ஈரம் கம்மியான மண்ணை அச்சுல அமுக்குற மெஷின்ல, அடிச்ச கல்லு வெளிய தள்ளும்போது குறுக்கால ரெண்டா விடுது அண்ணே. பிரஷரைக் கூட்டினா இன்னும் மோசம்.

பதில்: கூட்டினா மோசமாத்தான்மா ஆகும், உள்ள சிக்குன காத்தை இன்னும் அமுக்கி வச்சிருக்கீங்க, அச்சை விட்டு வந்ததும் அது விரியுது. மொதல்ல லேசா அமுக்கி, ஒரு நொடி விட்டு, காத்து போனதும் முழு அழுத்தம் கொடுங்க. மேல இருந்து மட்டும் அமுக்குனா அடி தளர்வா நிக்கும், ரெண்டு பக்கமும் அமுக்கணும், இல்ல அச்சுப்பெட்டி மேலயும் கீழயும் அசையுற மாதிரி மிதக்கணும். இங்கிலாந்துல ஃப்ளெட்டன் கல்லை நாலு தடவை அமுக்குவாங்க, "ஃபோர்பிரஸ்"னு பேரே அதுல இருந்து வந்ததுதான். முகம் ஒட்டிக்கிட்டுப் பேந்தா அச்சுத் தகட்டைச் சூடாக்கிப் பாருங்க.

கேள்வி: டை அளவு எப்படிப் போடுறது?

பதில்: உங்க மண்ணோட மொத்தச் சுருக்கத்தை, காயறதும் வேகறதும் சேத்து, சோதனைக்கல்லு போட்டு அளந்துக்குங்க. 8 சதவீதம்னா 230 மில்லிமீட்டர் வேணும்கிற எடத்துல 230-ஐ 0.92-ஆல வகுத்து 250 போடணும். 230 மேல 8 சதவீதம் கூட்டிப் போடுறது தப்பு, கல்லு ஒன்றரை மில்லிமீட்டர் குறைஞ்சு வரும்.

கேள்வி: மண்ணு பிசையுற பக் மில்லுல மண்ணு அடைச்சா ஆளு கம்பால குத்தி விடுறான், சில நேரம் காலால மிதிக்கிறான். மூடி போட்டா வேலை தாமதமாகுதுங்கிறாங்க.

பதில்: இதுக்கு மட்டும் கோவமாவே பதில் சொல்றேன். ஓடுற பக் மில்லு காலைப் பிடிச்சா விடாது, கத்தி மெதுவாத்தான் சுத்தும், ஆனா கியர்பாக்ஸுக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்ல. மேல கம்பி வலை போடுங்க, வலையைத் தூக்கினா மோட்டார் நிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைங்க, ஆள் நிக்கிற எடத்துல கைக்கு எட்டுற மாதிரி இழுப்புக் கயிறு சுவிட்ச் ஒண்ணு. வேலை தாமதமாகுறது அடைப்பாலதான். அடைப்பு வந்தா கத்தியோட சாய்வைப் பாருங்க, உள்ள தள்ளுற கோணத்துல இல்லாம திரும்பிப் போயிருக்கும், இல்ல மண்ணு ஒரே நேரத்துல குவியலா கொட்டுறாங்க.

கேள்வி: கையில காசு கம்மி, ஒரே ஒரு மாத்தம் பண்ணலாம்னா எது?

பதில்: பெட்டி ஃபீடர், அதாவது மெஷினுக்கு மண்ணை அளவா, சீரா விடுற பெட்டி. மண்ணு சீரா விழாத மெஷின்ல டை, ஸ்க்ரூ, வேக்கம் எதை மாத்தினாலும் அதோட பலன் தெரியாது, ஒரு நிமிஷம் பட்டினி, அடுத்த நிமிஷம் திணறல்னா பட்டை எப்படி ஒரே மாதிரி வரும். கூடவே மோட்டாருக்கு ஒரு ஆம்பியர் மீட்டர் மாட்டி, தண்ணி திறக்கிற ஆளு கண்ணுக்கு நேரா வைங்க. ஃபீடு சீரா இருக்கும்போது ஆம்பியர் ஏறினா மண்ணு கெட்டி, இறங்கினா எளகல், அதைப் பாத்து வால்வை ஒரு திருகு திருகினாப் போதும். இதையே தானியங்கியா பண்ற கன்ட்ரோலரும் இருக்கு, அது அப்புறம் வாங்கிக்கலாம்.