66/1 குதிரை எப்படி ஜெயித்தது? வூஸ்டர் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். வூஸ்டரில் முதியோர் இல்ல வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு மாலை ஆற்றங்கரை மைதானத்துக்கு, குதிரைகள் தடை தாண்டி ஓடும் பந்தயத்துக்கு அழைத்துப் போனார்கள். கடைசிப் பந்தயத்தில் எல்லோரும் நம்பிய ஃபேவரிட் மேல் இருபது பவுண்டு கட்டினீர்கள். அது நான்காவதாக வந்தது. ஐந்து ஓட்டமாகத் தோற்றே வந்த ஒரு குதிரை 66/1 விலையில், அதாவது ஒரு பவுண்டு கட்டினால் 66 பவுண்டு லாபம் என்ற கணக்கில், ஜெயித்தது. "எல்லாம் பேசி வைத்த ஆட்டம்" என்கிறார் ஒருவர். "இனி பெரிய விலைக் குதிரை மேலேயே கட்டுவோம்" என்கிறார் உங்கள் அறையில் இருப்பவர். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நான் ஹியர்போர்டுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஆம்புலன்ஸ் வேலை. பந்தய நாட்களில் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஒரு ஆம்புலன்ஸ் ஓடும், பார்த்திருப்பீர்கள். மைதானத்தின் உட்புறத்தில் அதற்கென்று தடம் உண்டு. பல குளிர்காலங்கள் அந்த வண்டியில் போயிருக்கிறேன். பணம் கட்டுவதில்லை, அதனால் என் கண் விலைப்பலகை மேல் இருக்காது, குதிரைகள் மேலேயே இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இது எனக்குப் பிடிபட்டது.

நீங்கள் பார்த்தது ஐந்தாம் வகுப்புப் பந்தயமாக இருக்கும். தாண்டு பந்தயத்தில் ஏறக்குறைய அடிமட்டம் அது. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கிறார்கள். இந்த நாட்டின் பெரிய தாண்டு பந்தயமான செல்டனம் திருவிழாவில் ஓடும் உச்சத்துக் குதிரைகளுக்கு அது 160, 170ஐத் தாண்டும். ஐந்தாம் வகுப்பில் எல்லாமே நூறை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு ராத்தல் எடை. 100 உள்ள குதிரை, 78 உள்ள குதிரையைவிட 22 ராத்தல், அதாவது பத்து கிலோ, கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும், அதுதான் ஹேண்டிகேப் என்ற இந்தச் சுமை ஏற்பாட்டின் நோக்கம். அப்படியென்றால், ஃபேவரிட் என்று பெயர் வாங்கிய குதிரைக்கும் கடைசிக் குதிரைக்கும் இடையே உள்ள தூரம் விலைப்பலகையில் தெரிகிற அளவு பெரிதல்ல. இந்த நாட்டில் ஃபேவரிட் ஜெயிப்பதே சுமார் மூன்றுக்கு ஒரு தடவைதான்.

அடிமட்டத்தில் இருக்கும் குதிரை எல்லாம் திறமை இல்லாத குதிரை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருக்கும். ஒன்றுக்கு மூச்சுக் குழாயில் அடைப்பு. ஒன்றுக்கு இடப்பக்கம் வளையும் மைதானம் ஒத்துவராது. ஒன்று ஈர மண்ணில்தான் ஓடும், ஆனால் அதைக் கோடை முழுக்கக் காய்ந்த தரையில் ஓட்டியிருப்பார்கள். அந்தக் குறையோடு ஓடி ஓடித் தோற்கும். தோற்கத் தோற்க மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சுமையும் குறையும். ஒருநாள் குறை நீங்கிவிட்டால், தன் உண்மையான பலத்தைவிட மிகக் குறைந்த சுமையோடு அது நிற்கிறது. முந்தின ஓட்டங்களின் எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அது உதவாக்கரை. அதனால்தான் 66/1.

ஒரு ஜனவரி மாதம், ஹியர்போர்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று நாள் விடாமல் மழை. குளம்பு பட்ட இடமெல்லாம் குழியாகி, குழியெல்லாம் தண்ணீர். மூன்று மைல் ஓட்டம், பன்னிரண்டு குதிரைகள். அதில் ஒன்பது வயதுப் பழுப்புப் பெண்குதிரை ஒன்று. ஓட்டத்தில் நாக்கு பின்னால் போய் மூச்சை அடைக்காமல் இருக்க, அதன் நாக்கைத் துணிப்பட்டையால் தாடையோடு கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் எல்லாம் இரண்டு மைல் ஓட்டம், நல்ல தரை, எப்போதும் பின்வரிசை. மேலே இருந்த பையன் புது ஜாக்கி. அனுபவம் குறைந்தவர்களுக்கு இங்கே சுமையில் சில ராத்தல் சலுகை உண்டு, அந்தச் சலுகையும் சேர்ந்து சுமை இன்னும் குறைந்திருந்தது.

முதல் சுற்றில் ஃபேவரிட்டும் இன்னொரு குதிரையும் முன்னால் போக ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. அந்தச் சேற்றில் அந்த வேகம் தாங்காது என்று எங்கள் ஓட்டுநர் வண்டியிலிருந்தே சொன்னார். பெண்குதிரை ஒரே சீராகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கடைசிக்கு இரண்டு ஹர்டில் (தாண்டும் தடை) முன்னால் ஒரு குதிரை விழுந்தது, பின்னால் வந்த ஒன்று அதைத் தவிர்க்கப் போய் ஏறக்குறைய நின்றுவிட்டது. விழுந்த ஜாக்கியிடம் நாங்கள் இறங்கி ஓடினோம். காலர் எலும்பு போயிருந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது முடிவுக் கோட்டுப் பக்கமிருந்து வழக்கமான ஆரவாரம் வரவில்லை. கொஞ்சம் சலசலப்பு, அப்புறம் அமைதி. அந்த அமைதியை வைத்தே யாரும் எதிர்பாராத குதிரை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். பிறகு திரையில் பார்த்தபோது, அது கடைசியில் பாய்ந்து வந்தது போலத்தான் தெரிந்தது. உண்மையில் அதன் வேகம் கூடவே இல்லை. மற்றதெல்லாம் சேற்றில் களைத்து நின்றுபோயின, அது மட்டும் நிற்கவில்லை.

இதில் எத்தனை காரணம் பாருங்கள்: தூரம் கூடியது, மண் மாறியது, சுமை குறைந்தது, முன்னால் போனவை அடித்துக்கொண்டன, ஒன்று விழுந்து இன்னொன்றைக் கெடுத்தது. எதுவும் தனியாக அதை ஜெயிக்க வைத்திருக்காது. எல்லாம் ஒரே மதியத்தில் சேர்ந்து அமைந்துவிட்டன.

ஹர்டில் என்பது சுமார் மூன்றரை அடி உயரம். இரண்டு மைலுக்குக் குறைந்தது எட்டு தாண்ட வேண்டும். ஒவ்வொரு தடையும் ஒரு சந்தேகம் என்பதால்தான் தட்டையான ஓட்டத்தைவிட இதில் வினோதங்கள் அதிகம். குளிர்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். மாலைச் சூரியன் தாழ்ந்து குதிரையின் கண்ணில் நேராக அடித்தால், அந்தப் பக்கத்து ஹர்டில்களை விட்டுவிட்டு ஓடச் சொல்வார்கள். சரியாகத் தாண்டத் தெரியாத குதிரைக்கு அன்று அதிர்ஷ்டம்.

சரி, மோசடிக்கு வருவோம். மோசடியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1974 ஆகஸ்டில் கார்ட்மெல் என்ற சின்ன மைதானத்தில் 'கே ஃப்யூச்சர்' என்ற குதிரையை வைத்து ஒரு கும்பல் செய்தது இன்றும் பேசப்படுகிறது. குதிரை வியர்த்துப் பதறுவது போலத் தெரிய உடம்பில் சோப்புத்தூளைத் தேய்த்தார்கள். ஓடவே போகாத வேறு இரண்டு குதிரைகளோடு சேர்த்துப் பல கடைகளில் பணம் கட்டினார்கள்; அவை விலகியதும் பணம் முழுக்க இதன் மேல் விழும். 10/1 விலையில் பதினைந்து குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. வழக்கு நடந்து, 1976இல் அபராதம் விழுந்தது. இதில் கவனிக்க வேண்டியது விலையை. உள்ளே விஷயம் தெரிந்தவர்கள் பணம் கொட்டினால் விலை சரியும். அது சரியாமல் இருக்கத்தான் அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். நீங்கள் பார்த்த, ஜெயித்த குதிரை கடைசி நிமிடம் வரை 66/1இலேயே நின்றது என்கிறீர்கள். அப்படியென்றால் அதன் மேல் யாரும் பெரிதாகப் பணம் போடவில்லை. அதன் சொந்தக்காரரும்கூட நம்பியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இப்படித் திடீரென்று முன்னேறும் குதிரையின் பயிற்சியாளரை மைதானத்து ஸ்டூவர்டுகள் (பந்தய நடுவர்கள்) கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம். அதை அன்றைய அறிக்கையில் வெளியிடுவார்கள், யாரும் படிக்கலாம். "கூடுதல் தூரம் ஒத்துவந்தது", "மூச்சு அறுவைக்குப் பிறகு முதல் ஓட்டம்", "முகத்தில் கட்டிய பட்டை உதவியது" என்ற மாதிரி இருக்கும். சில நேரம் "விளக்கம் எதுவும் சொல்ல முடியவில்லை" என்றே எழுதியிருக்கும். அதையும் நான் நம்புகிறேன். குதிரை பேசாது, தம்பி. முதுகு வலி போய்விட்டது என்று அது யாரிடம் சொல்லும்?

மூச்சு அறுவை செய்த குதிரையா என்பதை 2018 ஜனவரியிலிருந்து பந்தய அட்டையிலேயே போடுகிறார்கள். அதற்கு முன்னால் அது குதிரைக் கொட்டகைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெரிய கொட்டகை, பெயர் பெற்ற ஜாக்கி என்றால் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார்கள். ஒரு விவசாயி தன் சொந்தக் குதிரைகளை மட்டும் வைத்துப் பழக்க இங்கே தனி அனுமதி உண்டு. அவர் குதிரையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடிமட்டத்தில் மட்டும் இல்லை, உச்சத்திலும் இதேதான். 1990 செல்டனம் கோல்டு கப்பை நார்டன்ஸ் காயின் 100/1இல் ஜெயித்தது. பழக்கியவர் சிரெல் கிரிபித்ஸ், வேல்ஸில் மாடு வைத்துப் பால் கறக்கும் மனிதர். நாடே கொண்டாடிய டெசர்ட் ஆர்ச்சிட் அதில் மூன்றாவது. அதே வருடம் நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெல்சோவில், யாரும் கவனிக்காத ஒரு சின்ன ஹர்டில் ஓட்டத்தில், இக்வினாக்ஷியல் 250/1இல் ஜெயித்தது. 2022இல் அயர்லாந்தின் பஞ்சஸ்டவுனில் சாபக் என்ற குதிரை 300/1. இவையெல்லாம் பெயரோடு நினைவில் இருப்பதே அபூர்வம் என்பதால்தான்.

உங்கள் அறை நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். ஜெயித்த 66/1ஐ நாம் பார்க்கிறோம். அதே விலையில் ஓடிப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான குதிரைகள் நம் கண்ணில் படுவதில்லை. பெரிய விலைக் குதிரைகள் மேல் தொடர்ந்து கட்டினால், ஃபேவரிட் மேல் கட்டுவதைவிட வேகமாகப் பணம் கரையும் என்பது இங்கே கணக்குப் போட்டு அறிந்த விஷயம். நான் மேலே சொன்ன காரணங்களும் ஓட்டம் முடிந்த பிறகுதான் இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன. ஓட்டத்துக்கு முன்னால் பார்த்தால் பன்னிரண்டு குதிரைக்கும் ஜெயிக்க ஏதோ ஒரு காரணம் சொல்லிவிடலாம். வீட்டுக்கு அனுப்ப வைத்திருக்கும் பணத்தை இதில் தொடவே தொடாதீர்கள். எங்கள் தெருவில் கிண்டி ரேஸில் வீட்டை விட்டவர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி இட்லி விற்றுப் பிள்ளைகளை வளர்த்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே கைபேசியிலேயே கட்டலாம் என்பதால் கிண்டியைவிட இது பக்கத்தில் இருக்கிறது. நண்பருக்குக் கை நிற்கவில்லை என்று தெரிந்தால் கேம்ஸ்டாப்பில் பதியச் சொல்லுங்கள். உரிமம் உள்ள எல்லா இணையச் சூதாட்டத் தளங்களிலும் ஒரே பதிவில் கதவை அடைத்துவிடுவார்கள். செலவு இல்லை.

ஆனால் பந்தயம் பார்க்கப் போவதை விட்டுவிடாதீர்கள். வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்களோடு என்ன பேசுவது என்று தெரியாமல் தவிப்போம். மண் எப்படி இருக்கிறது என்று மைதானத்தில் ஒரு கிழவரிடம் கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் விடமாட்டார். வூஸ்டர் மைதானம் குளிர்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் மூழ்கும், அங்கே கோடையில்தான் ஓட்டம். நவம்பருக்கு மேல் ஹியர்போர்டுக்கு வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், காதை மூடும் குல்லாய், உள்ளே இரண்டு சட்டை. மேடைப் பக்கம் போகாமல் கடைசி ஹர்டில் ஓரமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பந்தயம் கடக்கும்போது ஜாக்கிகள் ஒருவருக்கொருவர் கத்துவதும், குதிரைகளின் மூச்சும், மரத்தில் குளம்பு மோதும் சத்தமும் அங்கேதான் கேட்கும். பின்னாலேயே எங்கள் வண்டி வரும். கை காட்டுங்கள், நான் இடப்பக்க ஜன்னலோரம் இருப்பேன்.