“கோடு அனுப்புங்க மேடம்!”

கேள்வி: நான் ஓசூரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் எம்பெடட் இன்ஜினியர், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும் வேலை. 12 வருட அனுபவம். நான் படித்த பொறியியல் கல்லூரியின் துறைத்தலைவர், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுக்கு வழிகாட்ட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. போன வருடம் தெரிந்த பிள்ளைகள் நான்கு பேருக்கு உதவப்போனேன். “கோடு அனுப்புங்க மேடம், நாளைக்கு ரிவியூ” என்று ராத்திரி மெசேஜ் வந்தது. அவர்கள் எழுத வேண்டிய நிரலை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு மார்க் வந்தது, எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் முடியாது. இதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? கல்லூரியில் இருக்கும் கைடு தப்பாக எடுத்துக்கொள்வாரா?
- வாசகி, ஓசூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அவசியம் போங்கள். இரண்டு மணி நேரம் தாராளம். ஆனால் முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “கோடு எழுதித் தர மாட்டேன். எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அங்கே உங்களோடு உட்காருவேன்.”

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் கல்லூரிகளைச் சுற்றி புராஜெக்ட் சென்டர் என்று ஒரு தொழிலே நடக்கிறது. பணம் கட்டினால் தலைப்பு, கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில் எல்லாம் மொத்தமாகக் கிடைக்கும். பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் அங்கே போகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. கைடு ஒருவரே பல குழுக்களைப் பார்க்க வேண்டும், வகுப்பும் எடுக்க வேண்டும், அங்கீகாரத்துக்கான ஃபைல் வேலை வேறு. நடுவில் இருக்கும் அந்த இடத்துக்குத்தான் உங்களைப் போன்றவர்கள் தேவை.

உங்கள் வேலையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஈரப்பதம் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் புராஜெக்ட் இல்லாத வருடம் கிடையாது. வைஃபை உள்ள சிப்போடு வரும் ஒரு இஎஸ்பி32 போர்டு, மண் ஈரப்பத சென்சார், சின்ன பம்ப், அதை ஆன் ஆஃப் செய்ய ஒரு ரிலே, மொபைலில் ஒரு ஆப். சென்சாரைத் தனியாகச் சோதித்தால் ரீடிங் ஒழுங்காக வரும். வைஃபையைச் சேர்த்ததும் நின்றுவிடும். சென்சார் போச்சு என்று பிள்ளைகள் புதிதாக ஒன்று வாங்குவார்கள், அதுவும் அப்படியே செய்யும். அந்த சிப்பில் சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி இரண்டு இருக்கிறது, இரண்டாவதை வைஃபையும் எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். வயரை இரண்டாவதைச் சேர்ந்த 25-ஆம் பின்னிலிருந்து முதலாவதைச் சேர்ந்த 34-க்கு மாற்றிவிட்டு, நிரலிலும் எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கு விடை தெரிந்துவிடும். சொல்லாதீர்கள். “வைஃபை வரியை மட்டும் ஓடாம நிறுத்திவெச்சுப் பாருங்க, ரீடிங் வருதா?” என்று கேளுங்கள். வரும். “அப்போ சென்சார் நல்லாத்தானே இருக்கு, வேற என்ன மாறிச்சு?” அடுத்து, சிப் தயாரித்தவர்களின் ஏடிசி ஆவணத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தப் பகுதி என்று வேண்டுமானால் காட்டிக்கொடுங்கள். அரை மணி நேரம் போகும். நீங்களே சொல்லியிருந்தால் அரை நிமிடம். இப்படி ஒரு முறை கண்டுபிடித்த பிள்ளை, அடுத்து பம்ப் ஓடும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆனால், பம்ப்பும் போர்டும் ஒரே சப்ளையில் இருப்பதைத் தானே சந்தேகப்படும். உங்களுக்கு மெசேஜ் வராது.

தலைப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். ஏஐ, ஐஓடி, பிளாக்செயின் மூன்றும் ஒரே தலைப்பில் வரும். இதை யார் பயன்படுத்தப்போகிறார், இன்றைக்கு அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் தலைப்பு வேண்டாம். 2017 முதல் நடக்கும் மாணவர் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் எனக்குப் பிடித்ததே, அமைச்சகங்களும் நிறுவனங்களும் தங்கள் பிரச்சினைகளை எழுதி மாணவர்கள் முன் வைப்பதுதான். உங்கள் பிள்ளைகள் அதற்காக எங்கும் போக வேண்டாம். ஓசூரைச் சுற்றி ரோஜாவும் தக்காளியும் போடும் தோட்டங்கள் எத்தனை! யாராவது ஒருவரிடம் கேட்டு, செய்த கருவியைச் சில வாரம் மண்ணில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு சென்சார் ஈர மண்ணில் எப்படி அரித்துப்போகிறது, உலோகம் மண்ணில் நேரடியாகப் படாத கெப்பாசிட்டிவ் வகை ஏன் கூடுதல் நாள் தாங்குகிறது என்பதெல்லாம் லேபில் டம்ளர் தண்ணீரில் டெமோ காட்டினால் தெரியவே வராது. பிளாக்செயினை விட்டுவிட்டு இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே அது நல்ல புராஜெக்ட்.

சரி, அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? திறந்த மூல மென்பொருள் எழுதப் புதியவர்களை வழிகாட்டியோடு சேர்த்துவிடும், கூகுள் 2005 முதல் நடத்திவரும் சம்மர் ஆஃப் கோடிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே புதியவர் எழுதி அனுப்புவார், வழிகாட்டி படித்துவிட்டுக் கருத்துச் சொல்வார், திருத்த வேண்டியது எழுதியவர். பாதி வழியில் ஒரு மதிப்பீடும் உண்டு. அதுபோல, குழுவின் கோடு முதல் நாளிலிருந்தே, யார் எதை எழுதினார் என்று காட்டும் கிட்ஹப் தளத்தில் இருக்கட்டும். சந்திப்புக்கு முன்னால் அரை மணி நேரம் அதைப் படியுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் கூகுள் மீட்டில் பேசுங்கள். மிச்ச அரை மணி நேரம் வாரத்தின் நடுவில் வரும் சந்தேகங்களுக்கு. கேள்வியை வாட்ஸ்அப்பில் “வேலை செய்யல மேடம்” என்று அனுப்பினால் ஏற்காதீர்கள். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்று எழுதி, எரர் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி எழுதும்போதே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கிட்ஹப்பில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நான்கு பேரில் ஒருவர் மட்டும் கோடு எழுதிக்கொண்டிருப்பார். பல குழுக்களில் ரிப்போர்ட்டையும் பிபிடியையும் பெண்பிள்ளைகள் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவர்களும் அது இயல்புதான் என்று வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். சால்டரிங் அயர்னை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். 12 வருடமாக எம்பெடட் வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னால் எடுபடும், வேறு யார் சொல்வதைவிடவும் எடுபடும்.

கைடைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாணவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் பாருங்கள். மார்க் போடுபவர் அவர், பல்கலைக்கழக விதிமுறை தெரிந்தவரும் அவர்தான். நீங்கள் சொல்லிச் செய்த மாற்றம் ரிவியூ அன்றைக்கு அவருக்குப் புதிதாகத் தெரிந்தால், மாட்டிக்கொள்வது பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் அவரையும் சேருங்கள், தலைப்பைச் சுருக்குவதானால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். “சார், நீங்க சொல்லுங்க, நான் கூட இருந்து பார்த்துக்கிறேன்” என்று தொடங்கினால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் நிறுவனத்தில் எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத வேலையாக இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளிவேலை பற்றி நிபந்தனை இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் கோடு, சர்க்யூட் படம் எதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள்.

இந்த வருடமும் ஒரு ராத்திரி “நாளைக்கு ரிவியூ” மெசேஜ் வரத்தான் செய்யும். “இருக்கிறதை வெச்சு நாளைக்கு என்ன காட்ட முடியும்னு ஒரு லிஸ்ட் போடுங்க” என்று பதில் அனுப்புங்கள். ஓடாத பகுதியை ஓடவில்லை என்று சொல்லட்டும், எதுவரை தேடிப் பார்த்தோம் என்று விளக்கட்டும். ஒருவேளை மார்க் குறையலாம். குறைந்தால் குறையட்டும், அன்றைக்கும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். வேலைக்கு வந்த பிறகு “இன்னும் முடியல சார், இங்கே நிற்குது” என்று மேலதிகாரியிடம் சொல்லத் தெரியாமல் தவிக்கும் புதியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

துறைத்தலைவருக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். ஏழாம் செமஸ்டர் தொடங்கியதும் தலைப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், தலைப்பை முடிவுசெய்யும் ஜீரோத் ரிவியூ முடிந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஒரே ஒரு குழுவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழுவையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அடுத்த வருடம் என்று சொல்லிவிடுங்கள்.