எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும், ஆனாலும் கழற்றாதீர்கள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிவி, கேபிள் செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றையும் இணைத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று விடாமல் இரைச்சல். செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது. போன ஐப்பசியில் டிவியின் ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டும் போய்விட்டது. ஹோம் தியேட்டர் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கத்தான் செய்யும், அதனால்தான் அந்த யோசனை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் என்றைக்காவது இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் நேராக இரும்புப் பெட்டிக்கு வரும். எர்த் ஒழுங்காக இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால், தொட்டவர் வழியாகத் தரைக்குப் போகும்.

சரி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது? எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு, செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். அப்புறம் பிளக்குகளைப் போட்டு ஹோம் தியேட்டரை ஓட விடுங்கள். படம் வராது, பரவாயில்லை. இரைச்சலும் நின்றிருந்தால் உங்கள் பெட்டிகள் எதிலும் கோளாறு இல்லை என்று அர்த்தம். கோளாறு அவற்றை இணைக்கும் வழியில் இருக்கிறது.

கேபிளுக்குள் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வரை போகிறது. அதற்குப் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்துதான் கரண்ட் எடுத்திருப்பார்கள். ஆக, அந்த வீட்டு எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் உங்கள் ஹாலில் வந்து சந்திக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால்கூடப் போதும். ஆடியோ வயரின் பின்னல் வழியாக 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும், ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டோடு சேர்த்துப் பெருக்கித் தரும்.

இதற்குச் சுலபமான வழி, டிவியிலும் ஹோம் தியேட்டரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் ஆடியோவை அதில் கொடுப்பது. அதில் ஒளிதான் போகும், கரண்ட் போகாது. சிவப்பு வெள்ளை வயர்தான் ஒரே வழி என்றால், நடுவே போடும் ஆடியோ ஐசோலேட்டர் கிடைக்கிறது, அது ஒலியை விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளின் பின்னல் இணைப்பைப் பிரித்துவிடும். கேபிளிலேயே போடும் ஐசோலேட்டரும் உண்டு. ஆனால் டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் அதை வாங்க வேண்டாம். டிஷ்ஷின் மூக்குக்கு, அதாவது சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்குப் போக வேண்டிய 13, 18 வோல்ட்டை அது தடுத்துவிடும், படமே வராது.

இனி அந்தச் சுரீர். டூ பின் பிளக் உள்ள டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றிலும் பவர் சப்ளைக்குள் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய கரண்ட் வெளி உலோகத்துக்குக் கசியும். மல்டிமீட்டரில் பார்த்தால் நூறு வோல்ட் போலக் காட்டும், டெஸ்டரும் மினுக்கும். நல்ல கருவியில் அது கால் மில்லியாம்பியருக்குள்தான் இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. கையை உதறி இழுக்கும் அளவுக்கு அடித்தால் அது இந்தச் சாதாரணக் கசிவு இல்லை, பிளக்கை உருவிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சங்கதி. எர்த் அறுந்த வீட்டில் கம்ப்யூட்டர் போன்ற த்ரீ பின் கருவிகளின் கசிவெல்லாம் எர்த் வயரிலேயே தேங்கும். அதில் பேஸ் வோல்ட்டேஜில் பாதி, சுமார் 115 வோல்ட், நிற்கும். அந்த வயர் எல்லா உலோகப் பெட்டியையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு எர்த் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கடல் பக்கத்தில் இருப்பதால் எர்த் நன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நம் கரையோர மணலின் மேல்பகுதி கோடையில் பொடிப்பொடியாக உதிரும், அதில் கரண்ட் ஓடாது. தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்றில் தண்ணீர் எடுப்பார்களே, அந்த ஈரம் வரை எர்த் குழாய் இறங்க வேண்டும். இறக்கினாலும் உப்பு இரும்புக் குழாயை அரித்துவிடும். தாமிரப் பூச்சுள்ள ராடு கொஞ்சம் விலை, ஆனால் தாங்கும். குழாயும் வயரும் சேரும் கிளாம்ப்பைத் திறந்து பாருங்கள், பாதி வீடுகளில் கோளாறு அங்கேதான். பச்சைக் களிம்போ துருவோ இருந்தால் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரீஷியனை வைத்து சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். எர்த் சரியில்லை என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மீட்டர் அழகாகக் காட்டும். ஆனால் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால் வீட்டில் எர்த் போட்ட எல்லா உலோகத்திலும் 230 வோல்ட் ஏறும். அப்படிச் செய்தவரை மறுபடி கூப்பிடாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் தரைக்குக் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

மொட்டை மாடியில் கேபிள் கனெக்டரையும் பாருங்கள். உள்கம்பி பல கேபிள்களில் செம்பு பூசிய இரும்புதான். முனையில் உப்புக்காற்று பட்டால் துருவெடுக்கும். பின்னல் தளர்ந்தால் இரைச்சல் கூடும், படமும் கட்டம் கட்டமாக உடையும்.

எச்டிஎம்ஐ போர்ட்டைப் பொறுத்தவரை, அதன் பின்னால் இருக்கும் சிப் 5 வோல்ட் அளவுக்குள் வேலை செய்வது. கருவிகள் ஓடும்போதே வயரைச் செருகினால், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் வித்தியாசம் அந்தச் சிப்பில் இறங்கலாம். பிளக்கையெல்லாம் உருவிய பிறகு எச்டிஎம்ஐ, அப்புறம் கேபிள், கடைசியில் பிளக் என்ற வரிசையில் போடுங்கள். ஐப்பசியில் போனது என்கிறீர்கள், அது இடியாகவும் இருக்கலாம். இடி தொடங்குமுன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்ச் பேஸைத்தான் பிரிக்கும். பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். போன போர்ட்டுக்காக டிவிக்குள் இருக்கும் முழு சர்க்யூட் போர்டையும் மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். டிவியில் இன்னொரு எச்டிஎம்ஐ வேலை செய்தால் இப்போதைக்கு அதிலேயே ஓட்டுங்கள், எர்த் வேலையை முதலில் முடியுங்கள்.