ஓட்டுரிமை: சேலம், ஏற்காடு வாசகர்களுக்குப் பதில்கள்

எங்கள் எம்எல்ஏ மேடைக்கு மேடை 'உங்கள் ஓட்டுரிமைக்கு நான் காவல்' என்கிறார். அவரால் பட்டியலில் ஒரு பெயரையாவது சேர்க்க முடியுமா?
(வாசகர், வாழப்பாடி)

முடியாது. பட்டியல் வாக்காளர் பதிவு அலுவலர் கையில். 1950, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை.

அதற்காக வெறும் பேச்சு என்று ஒதுக்கவும் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு வரைவுப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். பூத்துக்கு ஒரு முகவரையும் அது நியமிக்கலாம். அடுத்த முறை கும்பிடு போட்டு வரும்போது, 'எங்க பூத்துக்கு உங்க முகவர் யாருங்க, பட்டியலைப் பார்த்தாரா?' என்று கேளுங்கள். பெயர் சொல்லத் திணறினால், காவல் மைக்கோடு சரி.

உள்ளாட்சித் தேர்தல் வேறு கதை. அதற்கான சட்டம் சட்டமன்றத்திலேயே இயற்றப்படுகிறது. உங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்களே, அப்போது அவர் சபையில் வாய் திறந்தாரா? எனக்கு அதுதான் உரைகல்.

காபிப் பழம் பறிக்க வருஷாவருஷம் குடகுக்குப் போகிறோம். வீடு பூட்டிக் கிடந்தால் பெயரை நீக்கிவிடுவார்களா?
(வாசகி, நாகலூர்)

தற்காலிகமாக வெளியூர் போவதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்வாசி அல்லாமல் போய்விடுவதில்லை. 1950 சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. குடிபெயர்ந்துவிட்டார் என்று நீக்க நினைத்தால், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். ஆனால் நோட்டீஸ் பூட்டிய கதவுக்குத்தானே வரும்! ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். நீக்கியே விட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அது கைவிட்டுப் போனாலும் படிவம் 6 கொடுத்து மறுபடி சேரலாம். குடகிலும் ஒரு பெயர் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இடத்தில் பதிவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால்?
(வாசகர், சூரமங்கலம்)

திரும்பி வராதீர்கள். நீங்கள்தான் என்று நிரூபித்தால், தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி தனி வாக்குச்சீட்டு தரவேண்டும். அது உறையில் போகும். மற்ற ஓட்டுகளோடு எண்ணப்படாது. முடிவை எதிர்த்து வழக்கு வந்தால்தான் அதற்கு உயிர்.

மகளுக்கு ஜூனில் 18 முடிகிறது. அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?
(வாசகர், அம்மாபேட்டை)

வேண்டாம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். ஜூலைக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

ஏற்காட்டுக்காரர்கள் எந்த எம்.பி.யிடம் முறையிடுவது?
(வாசகர், மஞ்சக்குட்டை)

சேலம் எம்.பி.யிடம் அல்ல. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது.