பழைய மோட்டார்ஹோம் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருந்தது இது: காரைக்குடிப் பக்கமிருந்து மலேசியாவில் ஈப்போவுக்கு வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, மனைவியும் சின்ன மகளும் கூட இருக்கிறார்கள், சுங்கை சிப்புட்டில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டொயோட்டா ஹையேஸ் டீசல் வேனில் கட்டிய மோட்டார்ஹோம் ஒன்றை விற்கிறார், உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது, வாங்கினால் வைத்துச் சமாளிக்க முடியுமா, வேலை பெர்மிட்டில் இருப்பவனுக்கு இது தேவையா என்று.

வாங்கலாம். ஆனால் எந்திரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கூரையைப் பார்த்து வாங்குங்கள். நானும் புதுக்கோட்டைப் பக்கம் இருந்து வந்தவன்தான். செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில் ஆலையில் மின்பணிக்கு வந்து, இந்த ஊரிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் இங்கேயே வளர்ந்துவிட்டார்கள். இதே மாதிரி ஒரு வண்டியை ரொம்ப வருடமாக வைத்திருப்பதால் சொல்கிறேன், இந்த நாட்டில் பழைய மோட்டார்ஹோமைக் கொல்வது மழைதான். தமிழ்நாட்டில் வருடம் முழுக்கப் பெய்கிற மழை சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டருக்கும் கீழே. நமக்குப் பக்கத்தில் இருக்கும் தைப்பிங்கில் ஏறத்தாழ நாலாயிரம். அதுவும் காலையில் சுள்ளென்று வெயில், மூன்று மணிக்கு மேல் கொட்டு மழை என்று மாறி மாறி அடிக்கும். கூரையில் ஜன்னலைச் சுற்றியும் காற்றுப் போக்கியைச் சுற்றியும் பூசியிருக்கிற சீலன்ட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை, வெயிலில் காய்ந்து மயிரிழை அளவுக்கு வெடிக்கிறது, சாயங்கால மழை அந்த வெடிப்பில் இறங்குகிறது. உள்ளே இருப்பது ஒட்டுப்பலகையும் மரச்சட்டமும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே சட்டம் உளுத்துப் போயிருக்கும்.

அதனால் பார்க்கப் போகும்போது நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். வண்டிக்குள் ஏறியதும் பேசாமல் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பாருங்கள், பூஞ்சை வாடை தெரிந்துவிடும். கதவு ஜன்னலெல்லாம் ஏற்கெனவே திறந்து வைத்து வாசனை அடித்திருந்தால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து அங்கே முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஜன்னலின் கீழ் மூலைகள், மேல் அலமாரிக்குள் கூரையும் சுவரும் சேரும் ஓரம், கதவுப் படிக்கு மேலே உள்ள தரை, இந்த மூன்று இடத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல பலகை கெட்டியாக நிற்கும். தண்ணீர் குடித்த பலகை டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி அமுங்கும். திருகாணித் தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கறை வழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே வெகுநாளாகவே நடமாடுகிறது என்று அர்த்தம். ஈரப்பதம் அளக்கிற சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஊர்க் காற்றே ஈரமானது என்பதால் அது காட்டுகிற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சுவரின் நடுவில் ஒரு முறை வையுங்கள், ஜன்னல் மூலையில் ஒரு முறை வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் மூலையில் ஒழுகுகிறது.

ஏணி போட்டுக் கூரையில் ஏறிப் பார்க்க விடாத ஆளிடம் வாங்கவே வேண்டாம். மேலே ஒளி ஊடுருவுகிற சிலிக்கோனைக் கட்டி கட்டியாக அப்பியிருந்தால் அதற்கும் விலையில் குறைத்துக் கேளுங்கள். சிலிக்கோன் பூசிய இடத்தில் வேறு எந்த சீலன்டும் ஒழுங்காக ஒட்டாது, முழுவதையும் சுரண்டி, துடைத்து, சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் போட்டு, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் பூச வேண்டியிருக்கும். என் வண்டியில் முந்தைய சொந்தக்காரர் பூசியிருந்ததைச் சுரண்டுவதற்கே விரல் நகம் தேய்ந்துபோனது. அந்த வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஏறிப் பார்த்து, வெடிப்பு தெரிந்த அன்றே அடைத்தால் வண்டி இன்னும் பல வருடம் நிற்கும்.

அடுத்தது கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம். அதில் வாகன வகை என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சாமான் ஏற்றும் வேன் என்று எழுதியிருந்து உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால், ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி அது. விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அனுமதி வாங்கித் தந்தபின் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், நல்ல விலைக்குத் தருகிறேன் என்று எவ்வளவு சொன்னாலும் சரி. பெயர் மாற்றத்துக்கு பி5 என்கிற வாகனப் பரிசோதனை செய்ய வேண்டும், அங்கே எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பத்திரத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தச் சோதனைக்கு முன்னால் பணத்தை முழுசாகக் கொடுக்காதீர்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது, கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளம் சேருமா என்று கேட்டு, சேராது என்றால் தனியாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலிசியில் அது வராது.

எந்திரத்துக்கு ஏன் பயப்பட வேண்டாம் என்றேன் என்றால், நீங்கள் இருப்பது தோட்டப்புற ஊர்களுக்கு நடுவில். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி நின்றுபோனால் அன்றைக்கு ஆலைக்குக் குலை வராது, அதனால் பழைய டீசல் எந்திரத்தை அன்றன்றைக்கே பார்த்து அனுப்பும் பட்டறைகள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. கோலாலம்பூரில் இருக்கும் என் மச்சான் தன் வண்டிக்கு ஒரு பம்ப் மாற்ற வாரக்கணக்கில் காத்திருக்கிறார். இங்கே என் வண்டியைப் பார்க்கிற போர்மேன், அதாவது மெக்கானிக், ஒரு சீனர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். எந்திரத்தின் மேல் கையை வைத்து "தம்பி, நாலாவது இஞ்செக்டர் சரியில்ல" என்பார், பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். பாகம் கிடைக்கவில்லை என்றால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கிற ஹாஃப்கட் கடைகளில் சொல்லி வைத்தால் வந்துவிடும். வாங்கியவுடன் டைமிங் பெல்ட்டை மட்டும் யார் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து ஹையேஸ் டீசல் எந்திரங்களுக்கு அது 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எந்திரமே போய்விடும். மீட்டரில் இருக்கும் எண்ணை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2019 முதல் இங்கே பம்பில் வரும் டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல்தான். புது வண்டிக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய வண்டியில் மூன்று வேலை செய்கிறது: காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கிறது, தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடுகிறது, பழைய ரப்பர் குழாய்களை மெல்ல மெல்ல ஊறவைத்து இளக்குகிறது. நான் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பேன். மேலே தேன் நிறத்தில் டீசல் நிற்கும், அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தக் கோடு தெரியாமல் போகும்வரை வடித்துவிட்டு மூட வேண்டும். முதல் சில மாதம் ஃபில்டரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள், எரிபொருள் குழாய்களைப் புதிதாகப் போடுங்கள், வண்டி நிற்கும்போது தொட்டியை நிரப்பியே வையுங்கள், காலி இடம் இருந்தால்தானே ஈரம் சேரும். அப்புறம் விலை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசல் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 காசுக்குப் போனது. உள்ளூர்க்காரர்களுக்கு அரசாங்கம் ஏதாவது உதவித்தொகை தரும், நம்மைப் போலக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அது கிடையாது. கணக்குப் போடும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் செலவை வைத்துப் போடாதீர்கள்.

கேமரன் மலைக்குப் போகாமல் உங்கள் வீட்டில் விட மாட்டார்கள் என்று தெரியும். தாப்பா வழியாகப் போகும் பழைய பாதை குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாய் வழி அகலம், உங்களுக்கும் அதுதான் பக்கம், ஏறவும் இறங்கவும் அதையே எடுங்கள். கட்டில், தண்ணீர்த் தொட்டி, சாமான் என்று சுமந்துகொண்டு இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிக் கால் சும்மா உள்ளே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் எண்ணெயும் ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும். டயரும் அப்படித்தான், பட்டன் தேயாமலே கிழடாகிவிடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நின்றுகொண்டே இருந்த வண்டிகளில் பத்து வருடத்து டயர் சர்வசாதாரணம், அதோடு நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

மின்சாரம் என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜோ மைக்ரோவேவோ ஜப்பானிலிருந்து வந்ததாக இருந்தால் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே வீட்டு பிளக்கில் 230. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் எதையும் செருகக் கூடாது. வீட்டுப் பகுதிக்கான பேட்டரி சாதாரண ஈய பேட்டரி என்றால், ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.1க்குக் கீழே வந்தால் பாதிதான் மீதி, அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் இந்த வெக்கையில் சீக்கிரமே செத்துவிடும். லித்தியம் போடுகிறேன் என்று பழைய ஆல்டர்னேட்டரில் நேராகக் கட்டிவிடாதீர்கள், நடுவில் அதற்கென்று இருக்கும் சார்ஜர் வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். ஃபியூஸ் இல்லாமல் யாரோ இழுத்துவிட்ட வயர் ஒன்றாவது கட்டாயம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து அறுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளையை உள்ளே தூங்க வைக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறந்த துளை இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அழகுக்காக அதை அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் உள்ளே வாயு வைப்பதே இல்லை, அடுப்பை வெளியே தூக்கி வைத்துத்தான் சமையல்.

எங்கே நிறுத்துவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குப் பக்கத்தில் எலி நிறைய. எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். அந்த எலிகளுக்கு எந்திரத்தின் மேல் இருக்கும் வயர் என்றால் கொள்ளைப் பிரியம். மரத்தடியில் நிறுத்தினால் இலை விழுந்து கூரை வடிகாலை அடைக்கும். மேலே தகரக் கொட்டகை போட முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஓட்டாமல் விடாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறையாவது எந்திரம் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, எல்லா அலமாரிக் கதவையும் திறந்து காற்றாட விடுங்கள்.

தேவையா என்றுதானே கேட்டீர்கள். என் மனைவி பிறந்த தோட்டத்தில் இப்போது லயங்களே, அதாவது தொழிலாளர்கள் இருந்த வரிசை வீடுகளே இல்லை, ஆள்கள் எல்லாம் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. வருடத் திருவிழாவுக்கு எல்லாரும் வந்து சேர்வார்கள், ஆனால் தங்க ஒரு வீடு கிடையாது, பூசை முடிந்ததும் பெரும்பாலானோர் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு வண்டியைக் கோயிலுக்குப் பின்னால் நிறுத்துவோம். மாமியாருக்குக் கீழ்க்கட்டில். இரவு தேங்காய் உடைக்கிற சத்தமெல்லாம் அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் பழைய ஆள்கள் வந்து வண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த லயத்தில் யார் இருந்தார்கள், எந்தக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) நல்லவர், யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்று விடிய விடியப் பேசுவார்கள். நான் வெளியிலிருந்து வந்தவன், இந்த ஊர் எனக்குப் புரிந்தது அந்தப் பேச்சில்தான். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இங்கே சொந்தபந்தம் இல்லாததால், நாலு இடம் போய் நாலு பேரைப் பழக்கிக்கொள்ள இது உதவும் என்று மனதார நம்புகிறேன்.

பெர்மிட் முடிந்து திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் இந்த மாதிரி வண்டி ஒரே வாரத்தில் விற்காது, அந்தப் பணம் கொஞ்ச நாள் முடங்கினாலும் தாங்கும் என்றால் மட்டும் இறங்குங்கள். கேட்கிற விலை போக, கூரை, டயர், பெல்ட், வயரிங் இவற்றுக்கென்று அதில் மூன்றில் ஒரு பங்காவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் சும்மாதான் இருப்பேன், பார்க்கப் போகும் நாளைச் சொன்னால் ஏணியும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கிராண்டின் படத்தை மட்டும் முன்னாலேயே வாங்கி அனுப்பிவிடுங்கள், அது சரியில்லை என்றால் ஏணியை ஏன் தூக்க வேண்டும்.