ஹோம் நர்ஸ் ஒருநாள் லீவு கேட்டா, ஏஜென்ட் பேச்சை கேக்கணுமா?

கேள்வி: எங்க அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வேலை செய்யல, படுத்த படுக்கைதான். ஏஜென்சி மூலமா வந்த ஒரு அக்கா ஏழு மாசமா வீட்லயே தங்கி பாத்துக்கறாங்க. தங்கமான மனுஷி. ஆனா கொஞ்ச நாளா இடுப்பு வலிங்கறாங்க, சின்ன விஷயத்துக்கும் எரிஞ்சு விழறாங்க, போன வாரம் ஒருநாள் லீவு கிடைக்குமான்னு தயங்கி தயங்கி கேட்டாங்க. ஏஜென்ட் கிட்ட சொன்னா, "லீவெல்லாம் பழக்கிடாதீங்க மேடம், வேணும்னா ஆளை மாத்தி விடறேன், கையில காசு எதுவும் கொடுத்துடாதீங்க" ங்கறார். எங்களுக்கு அவங்களை விட மனசில்ல. நல்லதா ஏதாவது பரிசு வாங்கிக் கொடுத்தா கொஞ்சம் உற்சாகமா இருப்பாங்களா?

பதில்: பரிசை அப்புறம் பாத்துக்கலாம் மேடம், முதல்ல அவங்களை தூங்க விடுங்க.

எரிஞ்சு விழறாங்கன்னு எழுதியிருக்கீங்க, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறாங்கன்னு எழுதல. படுக்கையில இருக்கறவங்களுக்கு பெட் சோர், அதாவது படுக்கைப் புண் வரக்கூடாதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க சொல்லியிருப்பாங்க, நடுவுல டயப்பர், இருமல், தண்ணி. ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டை கட்டில் பக்கத்துல வெச்சு, ராத்திரி எந்திரிக்கற டைமை மட்டும் குறிச்சு வெக்க சொல்லுங்க, வேற எதுவும் எழுத வேணாம். 11.40, 1.30, 2.15, 4.00 னு அந்த பக்கத்தை நீங்களே பாக்கறப்போ எரிச்சல் எங்கிருந்து வருதுன்னு தெரியும். ஏழு மாசம் இப்படி துண்டு துண்டா தூங்கினா நானும் எரிஞ்சு விழுவேன், நீங்களும் விழுவீங்க. அம்மாவுக்கு காத்தடிச்ச மெத்தை, ஏர் பெட் போட்டா எத்தனை மணிக்கு ஒரு தடவை திருப்பினா போதும்னு டாக்டர் கிட்ட கேளுங்க, நீங்களா முடிவு பண்ணிடாதீங்க.

லீவு விஷயம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ல கொண்டுவந்த 189ஆம் ஒப்பந்தம் வீட்டுக்குள்ள வேலை செய்யறவங்களுக்குன்னே போட்டது, வீட்ல தங்கி நோயாளியை பாத்துக்கறவங்களும் அதுல வருவாங்க. வாரத்துக்கு ஒரு தடவை தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்னு அதுல இருக்கு. தொடர்ச்சியாங்கறதை கவனிங்க, மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுத்தாங்க, சாயங்காலம் டிவி பாத்தாங்கன்னு கூட்டிக் கழிச்சு கணக்கு காட்டற வேலை ஆகாது. அவங்க இஷ்டத்துக்கு வெளிய போக முடியாம, கூப்பிட்டா வரணும்னு இருக்கற நேரமும் வேலை நேரம்தான்னு அதே ஒப்பந்தம் சொல்லுது, எந்தளவுக்குங்கறதை அந்தந்த நாட்டு சட்டம் முடிவு பண்ணும். அதனால ஏஜென்ட் "24 மணி நேர டூட்டி" ன்னு சொல்லி விக்கறாரே, அது ஒரு ஆள் செய்யக்கூடிய வேலையே கிடையாது, ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் தலையில கட்டறது.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை விளக்கமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் இதைத்தான் தப்பா பிடிச்சுக்கறாங்க. சில பேருக்கு வாரம் ஒருநாள் லீவு வேணாம், ஊரு தூரம், ஒருநாள்ல போய்ட்டு வர முடியாது, சேத்து கொடுங்கம்பாங்க. சேக்கலாம், தப்பில்ல. ஆனா இந்த ஒப்பந்தத்தோட வந்த 201ஆம் பரிந்துரை 14 நாளைக்கு மேல சேத்து வெக்கக்கூடாதுங்குது, அதாவது ரெண்டு வாரத்துக்கு ரெண்டு நாள், அவ்வளவுதான். "ரெண்டு மாசம் ஓட்டிடுங்க அக்கா, மொத்தமா ஒரு வாரம் போய்ட்டு வாங்க" ன்னு வீட்டுக்காரங்க சொல்றது இதுல சேராது, அந்த ரெண்டு மாசத்துலதான் இடுப்பு போகுது. அவங்களே கேட்டாதான் சேக்கணும், உங்க வசதிக்காக கேக்க வெக்கக்கூடாது. லீவுக்கு பதிலா காசா கொடுத்துடுங்கன்னு அவங்களே சொன்னா? காசுக்கு முடை இருக்குன்னு அர்த்தம், லீவு வேணாம்னு அர்த்தம் இல்ல. சம்பளத்தோட லீவு கொடுத்துப் பாருங்க, அப்பவும் வேணாங்கறாங்களான்னு பாப்போம்.

அந்த ஒருநாள் அம்மாவை யார் பாக்கறதுன்னுதானே யோசிக்கறீங்க. குடும்பத்துல ரெண்டு பேர் முறை போட்டுக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒருநாள் அக்கா கூடவே நின்னு டயப்பர் மாத்தறது, வாய் சுத்தம் பண்றது, மாத்திரை கொடுக்கறது எல்லாம் கத்துக்கோங்க. லீவு அன்னைக்கு போன் போட்டு அந்த மாத்திரை எங்க இருக்குன்னு கேட்டீங்கன்னா அது லீவு கணக்குல வராது.

இடுப்பு வலி. அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி பண்ற நியோஷ் அமைப்பு, நோயாளியை கையால தூக்கறதுக்கு எல்லாம் சரியா அமைஞ்ச நிலைமையிலயே சுமார் 16 கிலோதான் உச்சம்னு சொல்லுது. உங்க அம்மா எடை என்ன? ஒரு பக்கம் ஒத்துழைக்காத உடம்பு, அதை அக்கா அக்குள்ல கை கொடுத்து இழுத்து சேர்ல உக்கார வெக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க, அவங்க இடுப்பும் போகும், அம்மாவோட வலுவில்லாத தோளும் இறங்கிடும். கட்டில் உயரத்தை அக்கா இடுப்பு மட்டத்துக்கு கொண்டு வாங்க, ஏத்தி இறக்கற கட்டில் வாடகைக்கு கிடைச்சா எடுங்க, அம்மாவை உக்கார வெக்கற நேரத்துல மட்டும் தாழ்த்திக்கணும். அம்மாவுக்கு அடியில தோள்லருந்து தொடை வரைக்கும் ஒரு குறுக்கு விரிப்பு போட்டு, மேல நகர்த்தணும்னா ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒருத்தர் விரிப்பை உடம்பை ஒட்டி சுருட்டிப் பிடிச்சு, முழங்காலை மடக்கி, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி நகர்த்துங்க. ரெண்டாவது ஆள் நீங்கதான். காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை நீங்க கை கொடுத்தாலே பாதி பாரம் குறையும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒருநாள் வர வெச்சு ரெண்டு பேருமா கத்துக்கோங்க, இருக்கற வலிக்கு டாக்டர் கிட்டயும் கூட்டிட்டு போங்க, பெயின் கில்லர் கொடுத்து ஓட்டாதீங்க.

இப்ப ஏஜென்ட் கிட்ட வருவோம். "ஆளை மாத்தி விடறேன்" ங்கறது உங்க மேல இருக்கற அக்கறையில சொல்றது இல்ல மேடம். ஆள் மாறினா பல ஏஜென்சியில திரும்பவும் ஒரு சார்ஜ், புதுசா வர்றவங்க கிட்ட திரும்பவும் ஒரு கமிஷன். ஒரே ஆள் ஒரே வீட்ல நிம்மதியா இருந்தா அவருக்கு என்ன லாபம்? கையில காசு கொடுக்காதீங்கன்னு சொல்றவரை கட்டாயம் சந்தேகப்படுங்க, நீங்க கட்டற தொகை அக்காவுக்கு தெரியக்கூடாது, அக்காவுக்கு போற தொகை உங்களுக்கு தெரியக்கூடாது, பிழைப்பே அந்த இருட்டுலதான் ஓடுது. அக்கா கிட்ட தனியா, சாதாரணமா பேசற மாதிரி மூணு விஷயம் கேளுங்க. மாசம் கைக்கு எவ்வளவு வருது, அட்வான்ஸ்னு சொல்லி ஏதாவது பிடிக்கறாங்களா, அடையாள அட்டை சர்ட்டிபிகேட் எல்லாம் யார் கிட்ட இருக்கு. அடையாள ஆவணம் ஏஜென்சி லாக்கர்ல இருக்குன்னு சொன்னாங்கன்னா அது பாதுகாப்பு இல்ல, பிடிமானம். அதை தன் கையில வெச்சுக்கற உரிமை தொழிலாளிக்கு உண்டுன்னு 189ல தெளிவா இருக்கு, ஏஜென்சி ஃபீஸை அவங்க சம்பளத்துல கழிக்கக்கூடாதுன்னும் இருக்கு. 1997லயே அதே அமைப்போட 181ஆம் ஒப்பந்தம் தொழிலாளி கிட்ட ஏஜென்சி காசு வாங்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க!

ஆனா ஒண்ணு, இதையெல்லாம் கேட்ட வேகத்துல ஏஜென்ட்டுக்கு போன் போட்டு சண்டை போட்டுடாதீங்க. அவர் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டார், அக்காவை ராத்திரியோட ராத்திரியா வேற வீட்டுக்கு மாத்திடுவார், பாக்கி சம்பளத்தையும் நிறுத்துவார். அக்கா சரின்னு சொன்ன பிறகு, சொன்ன அளவுக்கு மட்டும் பேசுங்க.

சட்டம் பாத்துக்காதான்னு கேப்பீங்க. ஒப்பந்தத்தை முறைப்படி ஏத்துக்கிட்ட நாட்டைத்தான் அது கட்டுப்படுத்தும், ஏத்துக்காத நாடு நிறைய. ஏத்துக்கிட்ட இடத்துலயும் வீட்டுக் கதவைத் தட்டி உள்ள வந்து பாக்க இன்ஸ்பெக்டருக்கு ஆயிரம் தயக்கம், ஃபேக்டரின்னா போவாங்க, வீடுன்னா குடும்ப விஷயமாம். உலகம் முழுக்க வீட்டு வேலையில இருக்கறவங்க 7 கோடியே 56 லட்சம் பேர்னு 2021ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டுச்சு, அதுல நூத்துக்கு 81 பேர் எந்த பதிவும் பாதுகாப்பும் இல்லாம வேலை செய்யறவங்க. இதுக்கு நடுவுல 2023ல ஐநா அக்டோபர் 29ஐ பராமரிப்புக்கான சர்வதேச நாளா அறிவிச்சாங்க. நல்ல விஷயம்தான், போஸ்டர் அடிச்சாங்க, பூங்கொத்து கொடுத்தாங்க, மறுநாள் அதே 24 மணி நேர டூட்டி.

இப்போ பரிசு. தாராளமா கொடுங்க, ஆனா அதைவிட அவங்களுக்கு உதவறது ஒரு அனுபவ சான்று. "நல்லா பாத்துக்கிட்டாங்க" ன்னு ஒரு வரி எழுதாதீங்க, எந்த தேதியிலருந்து, எந்த மாதிரி நோயாளி, டியூப் ஃபீடிங் பண்ணாங்களா, சுகர் டெஸ்ட் பண்ணாங்களா, ஏழு மாசத்துல பெட் சோர் வராம பாத்துக்கிட்டாங்களா, எல்லாத்தையும் எழுதி கையெழுத்து போட்டு அவங்க கையில கொடுங்க, ஏஜென்சிக்கு அனுப்பாதீங்க. அடுத்த வீட்ல சம்பளம் பேச அந்த பேப்பர்தான் நிக்கும். ஊசி, சுகர் டெஸ்ட்னு ரத்தம் படற வேலை இருந்தா ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்காங்களான்னு கேட்டு, இல்லைன்னா உங்க செலவுல போட்டு விடுங்க, வழக்கமா 3 டோஸ், முடிய 6 மாசம் ஆகும்.

ஏஜென்ட்டுக்கு போன் வேணாம், மெசேஜா அனுப்புங்க, எழுத்துல இருக்கட்டும். அக்கா கிட்ட காட்டிட்டு இப்படி அனுப்புங்க: "வாரம் ஒருநாள் சம்பளத்தோட லீவு கொடுக்கறோம், அன்னைக்கு நாங்களே பாத்துக்கறோம், மாத்து ஆள் வேணாம். நாங்க கட்டற தொகையில அவங்களுக்கு போறது எவ்வளவுன்னு எழுதி அனுப்புங்க." ரெண்டாவது வரியை அனுப்பறதா வேணாமான்னு அக்கா முடிவு பண்ணட்டும்.